பந்தல் உயரத்தில் ஒரு சர்வீஸ்

எனக்கு இருப்புக்கொள்ளாது. டீக்கடையில் டீ கைக்கு வருவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து தெருமுனை வரை போய்த் திரும்பியிருப்பேன். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பிப்பேன். நடுவழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போகிற ஆள் நான். இப்படிப்பட்டவன் டென்னிஸ் ஆடப் போனதுகூடப் பரவாயில்லை. சர்வீஸ் போடப் போனதுதான் வினை.

மற்ற அடிக்கெல்லாம் பந்து நம்மைத் தேடி வரும். ஓட வேண்டும், அடிக்க வேண்டும், திரும்ப ஓட வேண்டும். அது எனக்கு ஒத்துப்போகிற காரியம். சர்வீஸ் அப்படியில்லை. பந்து நம் கையிலேயே இருக்கிறது. நாமே தூக்கிப் போட்டு, அது மேலே போய்ச் சேருகிற வரை பொறுத்திருந்து, பிறகு அடிக்க வேண்டும். யாரும் அவசரப்படுத்துவதில்லை. அதுதான் தொந்தரவே. யாரும் அவசரப்படுத்தாத இடத்தில் என்னை நானே அவசரப்படுத்திக்கொள்வேன். பந்து கையை விட்டுக் கிளம்பியும் கிளம்பாமலும் படக்கென்று ஓர் அடி. வலையில் போய் விழும். இரண்டாவது பந்தும் அதே வழியில் போகும். டபுள் ஃபால்ட். எதிராளிக்கு ஒரு புள்ளி சும்மா கிடைக்கும்.

“மதி மாப்ள, மதி” என்பார் என் கூட்டாளி.

அவர் உத்தமபாளையத்து ராவுத்தர். ஏலக்காய் வியாபாரி. என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சரக்கு எடுக்கக் குமுளிக்குப் போய்ப் போய் அவர் நாக்கில் மலையாளம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மதி என்றால் போதும் என்று அர்த்தம். கத்தித் திட்டினாலாவது பதிலுக்குக் கத்தலாம். அவர் அதை ஏலக்காய் மூட்டைக்கு விலை சொல்வது போல அமைதியாகச் சொல்வார். எனக்குச் சுள்ளென்று ஏறும்.

ஓடைப்பட்டியில் எனக்கு விதையில்லாத் திராட்சைத் தோட்டம். விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போவேன். அங்கே ஒரு பழைய ரைஸ்மில் களத்துக்குப் பின்னால் வியாபாரிகள் சிலர் சேர்ந்து போட்ட மண் கோர்ட் இருக்கிறது. கோடெல்லாம் சுண்ணாம்பு, மழை பெய்தால் மறுபடி போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஆடி முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடி வந்துவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போனால் அன்றைக்கு என்னோடு மனுஷன் பேச முடியாது என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை. ஆடாத நாளில் தோட்டத்து மோட்டாரைக்கூடத் திட்டுவேன்.

போன வருஷம், கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து நடந்துகொண்டிருந்தபோது வலது தோளில் வலி தொடங்கியது. முதலில் சர்வீஸ் போடும்போது மட்டும் வலித்தது. பிறகு தலை சீவும்போது வலித்தது. பிறகு சும்மா படுத்திருந்தாலே வலித்தது. ஆடிவிட்டு வந்தால் வியர்வையில் ஒட்டிப்போன டி-சர்ட்டைத் தலைவழியாகக் கழற்ற முடியாது. கூடத்தில் இடது கையைத் தூக்கிக்கொண்டு, வலது கையைத் தூக்கியும் தூக்காமலும் நிற்பேன். மனைவி வந்து கழற்றிவிடுவாள். அவள் என் நெஞ்சு உயரம்தான். எட்டாது. நான் கழுத்தைக் கவிழ்த்துத் தலையைக் கொடுக்க வேண்டும்.

“ஆடுறதையும் ஆடிட்டு வந்து கைப்புள்ள மாதிரி நிக்கிறீக” என்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் அவளுக்கும் ஓட்டம்தான். ஆனாலும் அவசரப்பட்டு இழுக்க மாட்டாள். வலிக்காத கையை முதலில் விடுவித்து, பிறகு தலையை, கடைசியில் வலிக்கிற கையிலிருந்து உரித்து எடுப்பாள். நாளெல்லாம் சுற்றுகிற நான் அந்த நேரம் மட்டும் அசையாமல் நிற்பேன். அசைந்தால் வலிக்கும் என்பதால்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேனியில் எலும்பு டாக்டரிடம் போனோம். கையை அப்படித் திருப்பினார், இப்படித் தூக்கினார், நான் பல்லைக் கடித்தேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “தசைநார் தேய ஆரம்பிச்சிருக்கு, இன்னும் கிழியல” என்றார். எப்படி சர்வீஸ் போடுவீர்கள் என்று கேட்டு, அந்த அறையிலேயே வெறுங்கையால் செய்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

“நீங்க கையால மட்டும் அடிக்கிறீங்க சார். உடம்பு பூரா சும்மா நிக்குது, தோள் ஒண்ணே கூலி வேலை பாக்குது. கால்ல ஆரம்பிச்சு, இடுப்பு திரும்பி, கடைசியாத்தான் கைக்கு வரணும். மாத்துங்க. மாத்த முடியலைன்னா நிறுத்திடுங்க. பொங்கல் கழிச்சு வந்து காட்டுங்க.”

நிறுத்துவது என்ற வார்த்தையை அவர் மாத்திரை பேர் சொல்வது போலச் சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டு அந்தக் காலை நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீட்டுக்குள்ளேயே சுற்றி மனைவியைப் பைத்தியமாக்குவதா?

மறுநாள் கோர்ட்டில் மாமாவிடம் சொன்னேன். அவர் வலைக்கம்பத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டார். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தேனியில் வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் ஆடுகிற ஜோடி ஆட்டம் வருஷாவருஷம் நடக்கும். பல வருஷமாக நாங்கள் இருவரும்தான் ஜோடி. பெரிதாக ஒன்றும் ஜெயித்ததில்லை. ஆனால் ஜோடி மாறியதில்லை.

“அப்ப இந்த வருசம் நான் வேற ஆளப் பாத்துக்கிறட்டுமா மாப்ள?” என்றார். “புதுசா வந்திருக்காகள்ல பல் டாக்டரு, அவுக கேட்டுக்கிட்டே இருக்காக.”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

“பொங்கலுக்குள்ள சரி பண்ணிருவேன் மாமா. அது வரைக்கும் யாருக்கும் வாக்குக் குடுக்காதீக” என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்துகளைச் சொன்னால் வெட்கக்கேடு. மட்டையின் நரம்பைத் தளர்த்திக் கட்டினேன். பிறகு இறுக்கிக் கட்டினேன். கனமான மட்டை ஒன்று வாங்கினேன். செல்போனில் சர்வீஸ் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்றையும் முழுசாகப் பார்க்கவில்லை. ஒருவர் மணிக்கட்டு என்பார், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொட்டால் இன்னொருவர் முழங்கை என்பார். காலையில் மணிக்கட்டை மாற்றுவேன், மறுநாள் முழங்கையை மாற்றுவேன். படுக்கை அறையில் வெறும் மட்டையைச் சுழற்றிப் பார்த்ததில் டியூப்லைட் உடைந்தது. மனைவி துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சர்வீஸ் முன்னைவிட மோசமாகியிருந்தது.

இந்த நிலைமையில்தான் காலைப் பற்றி ஒரு சண்டை வந்தது.

சர்வீஸ் போடுகிறவன் பந்தை அடிக்கும் வரை கோட்டை மிதிக்கக் கூடாது. நான் மிதிக்கிறேன் என்றார் மாமா. இல்லை என்றேன் நான். “உங்காலு கோட்டுக்கு அங்கிட்டுப் போகுது, நான் பாக்கேன்ல” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஏற்கனவே எல்லாம் தப்பு, இதில் இல்லாத தப்பையும் ஏற்றினால் எப்படிப் பொறுப்பது? அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் முடிந்து அப்படியே வீரபாண்டி கோயிலுக்குப் போவதாக இருந்ததால் மனைவியும் வந்து, காரில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

“போன்ல எடு. காலை மட்டும் எடு. மாமாவுக்குக் காட்டணும்.”

அவள் சிவப்புப் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வந்து எடுத்தாள். மூன்று பேரும் வேப்பமர நிழலில் தலையைக் கவிழ்த்துப் பார்த்தோம். மெதுவாக ஓட விட்டால் கால் கோட்டைத் தொடவே இல்லை. நான் மாமாவைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று வாயைத் திறப்பதற்குள் மனைவி கேட்டாள்.

“காலு சரிதான். தல ஏன் குனியுது?”

காலை மட்டும் எடுக்கச் சொன்னால் அவள் ஆளையே முழுசாக எடுத்திருந்தாள். மறுபடி ஓட்டினாள். பந்து என் இடது கையை விட்டு மேலே கிளம்புகிறது. அதே நேரத்தில் என் தலை கீழே போகிறது. கழுத்து முன்னால் நீண்டு, முதுகு கூனி, முழங்கை மடங்கி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பந்தைத் தட்டுகிறேன். பந்து என் தலைக்கு மேல் இரண்டு சாண்கூடப் போகவில்லை. நான் ஆறடி உயரம். படத்தில் இருந்தவன் ஐந்தடிக்காரன் போல இருந்தான்.

“நம்ம தோட்டத்துப் பந்தலுக்குள்ள நொழையும்போது குனிவீகள்ல, அதே குனிவு” என்றாள் அவள்.

மாமா போனை வாங்கி ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். “அட ஆமா. இவன் கோர்ட்டுக்குள்ளயும் பந்தல் போட்டு வச்சிருக்கான்” என்றார்.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் போனேன். பந்தலாவது மண்ணாவது, கணக்கு டீச்சருக்கு டென்னிஸில் என்ன தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வீரபாண்டி வரை ஓட்டினேன். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே காலை வைத்தேன். ஆள்மேல் ஆள் ஏறி நின்று போனாலும் இடிக்காத வாசல் அது. நான் குனிந்துதான் நுழைந்தேன். குனிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் மனைவி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் சிரித்தது.

மறுநாள் தோட்டத்தில் என்னை நானே வேவு பார்த்தேன்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிடுவோம். தோட்டம் முழுக்க ஒரே கூரை மாதிரி இலை மூடிக்கொள்ளும். கொத்துகள் கீழே தொங்கும். கவாத்து, கட்டுவது, மருந்தடிப்பது, அறுப்பது என்று எல்லா வேலையும் அந்தக் கூரைக்குக் கீழே நின்று, கையை மேலே தூக்கித்தான். எங்கள் பந்தல் என் அப்பா போட்டது. அவர் குள்ளம். தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் தூணை நட்டார். அவர் பிள்ளை இப்படி வளர்வான் என்று அவர் கணக்குப் போடவில்லை. நிமிர்ந்தால் கம்பி என் நெற்றியில் இடிக்கும். ஆகவே வரப்பைத் தாண்டுவதற்கு முன்பே என் கழுத்து மடங்கிவிடுகிறது. உள்ளே கையைத் தூக்குகிறேன். முழங்கை நீளுவதே இல்லை, நீட்டினால் கை கம்பிக்கு மேலே இலைக்குள் போய்விடும். எதையாவது மேலே தூக்கிப் போட வேண்டியிருந்தால், கயிற்றுச் சுருளோ கத்தரியோ, இலையில் பட்டுவிடாமல் ஒரு முழ உயரத்துக்குத்தான் போடுகிறேன். காலேஜ் முடித்து வந்ததிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். கவாத்து சமயத்தில் தோள் வலி தொடங்கியது ஏன் என்பதும் அங்கே நின்றபோது புரிந்தது. காலையில் கோர்ட்டில் பந்தல் வேலை, பிறகு தோட்டத்தில் பந்தல் வேலை. அந்தத் தோளுக்கு ஓய்வே கிடையாது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தப் பந்தலிலிருந்து தப்பித்துப் போய்க் கொஞ்ச நேரம் ஆகாசத்தைப் பார்க்கலாம் என்றுதான் நான் ஆடவே போகிறேன். போகும்போது இதையும் தலையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து புதுசாக ஆரம்பித்தோம். மாமா எதிர்ப்பக்கம் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் சொன்னதை மனைவி ஒழுங்காக நினைவு வைத்திருந்து எங்கள் இருவருக்கும் ஒப்பித்தாள். முதலில் அடிப்பதே கிடையாது என்றார் மாமா. பந்தை இடது கையால் மேலே தூக்கிப் போட வேண்டும். கை முழுசாக நீண்ட பிறகுதான் பந்தை விட வேண்டும். போட்ட கையைக் கீழே இறக்காமல், முகத்தை மேலே வைத்து, பந்து ஏறி இறங்கி முன்னங்காலுக்கு முன்னால் விழுகிற வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். கேட்க எத்தனை சுலபம்! என்னால் முடியவில்லை. பந்து மேலே போய் நிற்கிற அந்த நேரம் எனக்குப் பஸ்ஸுக்கு நிற்பது போல இருந்தது. கை தானாக மட்டையை வீசியது. மாமா மட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வெறுங்கையோடு நின்றால், பந்து உச்சியில் இருக்கும்போதே தலை கவிழ்ந்தது.

“குனியாத.”

“குனியல மாமா.”

“எனக்குக் கண்ணு இருக்குல்ல.”

ஒரு நாள் ஆத்திரத்தில் பந்தை ரைஸ்மில் கூரைக்குமேல் எறிந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சின்னமனூர் வரை போயிருப்பேன். பிறகு திரும்பி வந்தேன். மாமா நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டீ மூடி வைத்திருந்தார். ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு மறுபடி நின்றேன்.

பந்து உச்சிக்குப் போகிற வரை நிற்கப் பழகிய பிறகு காலின் முறை வந்தது. பந்தைத் தூக்கிப் போடும்போதே முழங்கால் இரண்டையும் மடித்து, இடுப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, தரையை உதைத்து எழும்ப வேண்டும். குனிய வேண்டியது கால்தான், கழுத்து இல்லை. உடம்பு எழும்பும்போது கை சும்மா தொத்திக்கொண்டு போகிறது. முதல் தடவை சரியாக அமைந்தபோது எனக்கு அடித்த மாதிரியே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. பந்து எதிர்க்கட்டத்தில் விழுந்து வேலியில் போய் மோதியது. தோளில் ஒன்றும் தெரியவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர், “இன்னொண்ணு போடு” என்றார். அடுத்தது வலையில் போனது.

இதற்கிடையில் கொத்தை மருந்தில் முக்குகிற வேலை வந்துவிட்டது. காய் மிளகு அளவுக்கு வந்ததும் ஒவ்வொரு கொத்தையும் குவளையில் இருக்கிற மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். காய் பருக்க அதுதான் வழி. தோட்டம் முழுக்க, கொத்து கொத்தாக, கை மேலேயே இருக்கும். அந்த வேலைக்கு வருகிற பெண்களோடு நானும் நிற்பேன். என் தோள் தாங்காது என்று தெரிந்தது. சரி, நோய் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதே, வேரோடு பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அறுப்பு முடிந்ததும் பந்தலை ஒன்றரை அடி தூக்கிப் புதுத்தூண் போடப் போகிறேன் என்று வேலைக்கு நடுவில் பெருமையாக அறிவித்தேன்.

குவளைகள் எல்லாம் அப்படியே நின்றன. அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருக்கிற அக்கா, மருந்து சொட்டுகிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எதுக்குத் தம்பி?”

“எனக்குக் கழுத்து வலிக்குதுக்கா.”

“அப்ப எங்களுக்கு வலிக்கணுமாக்கும். இப்பவே எக்கி எக்கித்தான் முக்குறோம். இன்னும் ஒசத்துனா நாங்க என்ன ஒட்டகமா? முக்காலியத் தூக்கிக்கிட்டுச் செடிக்குச் செடி நடக்கச் சொல்றீகளா? வேற தோட்டத்துக்குப் போயிருவோம், சொல்லிப்புட்டேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் ஒரு முடிவும் இருந்தது. நான் சத்தம் போட்டேன். என் தோட்டம், என் தூண், என் தோள் என்றெல்லாம் கத்தினேன். அவர்கள் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தார்கள். வீட்டில் மனைவியிடம் முறையிட்டால் அவள், “நீங்க ஒரு ஆளு ஒசரம். அவுக அத்தன பேரும் என் ஒசரம். யாருக்குப் பந்தல் போடணும்?” என்று கேட்டுவிட்டு டி-சர்ட்டை உரித்துக் கொண்டுபோய்த் துவைக்கப் போட்டாள். கோபம் இரண்டு நாள் இருந்தது. நியாயம் அவர்கள் பக்கம் என்பது முதல் நாளே தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இரண்டு நாள் நின்றது.

மூன்றாம் நாள் பந்தலுக்குள் நுழையும்போது கழுத்து மடங்கப் போனது. பிடித்து நிறுத்தினேன். கோர்ட்டில் செய்கிற மாதிரி காலை அகட்டி வைத்து, முழங்காலை மடித்து இறங்கினேன். தலை நிமிர்ந்தே இருந்தது, கம்பி இடிக்கவில்லை. கொத்து என் கண்ணுக்கு மேலே தொங்கியது. முழங்கை முழுசாக நீண்டு குவளை மேலே போனது. ஒரு கொத்தை முக்கினேன். அப்படியே அடுத்த கொத்துக்கு நகர்ந்தேன்.

“ஏ ஆத்தா, இங்கன பாரேன். தம்பி ஒதுங்க எடம் தேடுறாப்ல” என்றார் அந்த அக்கா. தோட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாலைக்குள் தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தன, படியேற முடியவில்லை. ஆனால் தோள் ஒன்றும் சொல்லவில்லை. முக்குகிற வேலை முடிவதற்குள் தொடையும் பழகிவிட்டது. ஒவ்வொரு கொத்துக்கும் நான் ஒரு சர்வீஸுக்கு இறங்கி எழுந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தால், தேனிக்கு ஆடப் போகிறவர்களில் என்னளவு பயிற்சி யாருக்கும் இருந்திருக்காது.

மாமா பல் டாக்டருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பல் டாக்டர் போடிக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். தேனியில் எங்களுக்கு எதிரே வந்து நின்றதும் அந்த ஜோடிதான்.

கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. இருந்தாலும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தேன், நாடாவை அவிழ்த்துக் கட்டினேன், மறுபடி தண்ணீர் குடித்தேன். ஆட்டம் ஆரம்பித்த பிறகு சர்வீஸ் சரியாகப் போனது. டபுள் ஃபால்ட் இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கணக்குக்கு அது ஒன்றுமேயில்லை. ஆளுக்கொரு செட் ஆகி, இழுபறியாகி, கடைசி கேமில் என் கைக்குப் பந்து வந்தது. அங்கேதான் பழைய ஆள் எட்டிப் பார்த்தான். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு புள்ளி விட்டால் ஆட்டம் போச்சு என்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம். முதல் சர்வீஸ் வலையில். தலை குனிந்தது எனக்கே தெரிந்தது. இனி இருப்பது ஒரே பந்து. மெல்லத் தட்டிவிடலாம், காதுக்குப் பக்கத்தில் வைத்து, பழைய மாதிரி, எப்படியாவது உள்ளே விழுந்தால் போதும் என்று கை துடித்தது.

மாமா வலையிலிருந்து திரும்பி என்னிடம் நடந்து வந்தார். மதி என்று சொல்லப் போகிறார், சொன்னால் மட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவது என்று நான் தயாராக இருந்தேன். அவர் பந்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

“மேல ஒண்ணுமில்ல மாப்ள” என்றார். “வெறும் ஆகாசந்தான்.”

போய்விட்டார்.

பந்தைத் தூக்கிப் போட்டேன். அது ஏறியது. நான் முழங்காலை மடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லைதான். காத்திருந்தேன். எனக்காகக் காத்திருப்பது போல அது உச்சியில் நின்றது. எழும்பி அடித்தேன். பல் டாக்டர் நாலெட்டு தள்ளிப் போய் மட்டையை நீட்டினார். பந்து பட்டுத் தெறித்து உயரே எழும்பி, வலைக்கு மேலே, மாமாவின் தலைக்கு நேராக இறங்கியது. குழந்தைகூட அடித்துவிடும். மாமா ஓங்கி அடித்தார். வலையின் நடுவில் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

கை குலுக்கிவிட்டு வந்து மாமா கல்பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு இருக்கிற குணத்துக்கு அந்த நேரத்தில் நான் குதித்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் வாங்கிய மதியெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

“சொல்லிரு மாப்ள” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “மனசுல வச்சுக்கிடாத.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அடுத்த வருசம் நான் வேற ஆளப் பாத்துக்கிறட்டுமா மாமா?”

துண்டு குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வா” என்றார். “ஞாயித்துக்கிழமை ஒஞ்சம்சாரத்தையும் கூட்டிட்டு வா. நான் என்னத்தக் குனியிறேன்னு படம் எடுத்துப் பாக்கணும்.”

டாக்டர் அந்த வாரம் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஆடலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; சட்டைப் பொத்தானைப் போடுவது போலக் குனிந்துகொண்டேன்.

தேனியில் ஆட்டம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன். தோற்ற கதையை உரக்கச் சொல்லிக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தபடி டி-சர்ட்டைத் தலைவழியாக உருவிக் கொடியில் போட்டேன். அடுப்பங்கரையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“தானாவே கழட்டிட்டீகளா” என்றாள். “நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு வேல மிச்சம்.”

திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தது போலவே இருந்தது. தோட்டத்துக்குப் போனேன், வந்தேன், திரும்பப் போனேன். என்னவென்று பிடிபடவில்லை.

மறுநாள் காலை கோர்ட்டிலிருந்து வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போய் அவள் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“வலிக்குதா?” என்றாள்.

“இல்ல.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு எட்ட வேண்டுமே என்று முழங்காலை மடித்துக் கொடுத்தேன். வழக்கம் போல முதலில் வலிக்காத கை, பிறகு தலை, கடைசியில் அந்தக் கை. அவள் உரித்து முடிக்கிற வரை நான் அசையவில்லை.